வைக்கோல் வண்டிக்குப் பின்விளக்கு

ஆசிரியருக்கு,

சம்பா அறுவடை முடிந்ததும் திருவாரூர், நாகை சாலைகளில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் இரவிலும் ஓடுகின்றன. பல டிரெய்லர்களின் பின்பக்கம் ஒரே இருட்டு. தொங்கும் வைக்கோல் விளக்கை மறைக்கிறது. அல்லது டிராக்டரிலிருந்து வரும் ஒயர் வயலில் இழுபட்டு அறுந்திருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக் நொடிக்கு 17 மீட்டர் போகும். கண்டு பிரேக் பிடிப்பதற்குள் 25 மீட்டர், நிற்க இன்னும் 20 மீட்டர். மாசிப் பனியில், டிம் வெளிச்சத்தில் அவ்வளவு தூரம் எங்கே தெரியும்?

பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என, வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டை ஒட்டினால் பேட்டரியே வேண்டாம். ஆனால் மேல்பலகையில் ஒட்டிப் பயனில்லை, வைக்கோல் மூடிவிடும். கீழ்ச்சட்டத்தில் ஒட்ட வேண்டும். துருவைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டாவிட்டால் சீக்கிரமே உரிந்துவிடும். சேறு படிந்தால் ஒளிராது, கழுவ வேண்டும்.

நள்ளிரவில் மறித்து அபராதம் போடுவதைவிட, டிராக்டர்கள் வரிசையில் காத்திருக்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலேயே போக்குவரத்துத் துறையினர் பட்டை ஒட்டி, ஒயரையும் சோதிக்கலாம். அறுவடை தொடங்கும் தை மாதத்திலேயே இதைச் செய்ய மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிட வேண்டும்.

– வாசகர், நீடாமங்கலம்