12 வோல்ட் அடாப்டரில் 50+50 வாட்ஸ் வராது: உங்கள் ஸ்டீரியோ செட் பற்றிய புகார்

அனுப்புநர்: பில்லில் உள்ள பெயர், முகவரி
பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
இடம்: மதுரை

பொருள்: ஆம்ப்ளிஃபையர், ஒரு ஜோடி ஷெல்ஃப் ஸ்பீக்கர், அடாப்டர், ஒயர் அடங்கிய செட்டில் வாட்ஸ், ஓம் இரண்டும் தவறாக அச்சிடப்பட்டது, வலது ட்வீட்டர் (மேல்ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிந்தது, வாரண்டி மறுக்கப்பட்டது – சரியான செட்டாக மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல் தொடர்பாக.

ஐயா,

உங்கள் இணையக் கடையில் 8,990 ரூபாய்க்கு வாங்கிய செட்டில், பெட்டி வந்த 23ஆம் நாள் வலது ஸ்பீக்கரின் ட்வீட்டர் எரிந்துவிட்டது. மதுரை சர்வீஸ் சென்டர் தந்த ஜாப் ஷீட்டில் "ஓவர் வால்யூம், வாரண்டி பொருந்தாது" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

வால்யூமைக் கூட்டியபோதுதான் எரிந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் கூட்டச் சொன்னது உங்கள் அட்டைப்பெட்டி.

முகப்பில் 50+50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (விடாமல் தரக்கூடிய சக்தி) என்றும் பக்கவாட்டில் 2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் தொடுவதாகச் சொல்லப்படும் உச்ச சக்தி) என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். பி.எம்.பி.ஓ.வை விட்டுவிடலாம், டூ-இன்-ஒன் காலத்திலிருந்தே அது யாரும் அளந்து போடாத எண். ஆர்.எம்.எஸ். அப்படியல்ல, அது கணக்குக்குக் கட்டுப்பட்டது. உள்ளே வைத்திருக்கும் அடாப்டரில் உள்ள அச்சு 12 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கினால் 36 வாட்ஸ். சட்டியில் 36 இருக்கும்போது அகப்பையில் 100 எப்படி வரும்?

ஆம்ப்ளிஃபையர் சிப்பின் மேல் குறை இல்லை. போர்டில் இருப்பது டி.பி.ஏ. 3116 டி2. அதைத் தயாரிக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டேட்டா ஷீட்டில் 50 வாட்ஸ் என்று இருப்பதும் நிஜம்தான். ஆனால் அந்த வரியை முழுதாகப் படிக்க வேண்டும்: 21 வோல்ட் சப்ளை, 4 ஓம் ஸ்பீக்கர், அதுவும் ஒலி 10 சதவீதம் சிதைந்த நிலையில். நீங்கள் 50ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 21 வோல்ட்டை விட்டுவிட்டீர்கள். 12 வோல்ட்டில் இந்த வகை பிரிட்ஜ் ஆம்ப் (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) சுத்தமாக எவ்வளவு தரும் என்று பார்க்க, வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். 8 ஓமுக்கு 144ஐ 16ஆல் வகுக்க 9 வாட்ஸ். 4 ஓமுக்கு 18. இழப்பே இல்லாத காகிதக் கணக்கு இது. 4 ஓமில் இரண்டு சேனலும் சேர்ந்து 36 வாட்ஸ் கேட்டால் அடாப்டரின் மொத்த சரக்கும் அங்கேயே தீர்ந்துவிடும். சிப்பின் சூட்டுக்கும் புளூடூத்துக்கும் மிச்சம் ஏதுமில்லை.

அளந்தும் பார்த்தாயிற்று. 50 ஹெர்ட்ஸ் டோனை இரண்டு சேனலிலும் ஓட்டி, அடாப்டர் செருகும் இடத்தில் மீட்டரை வைத்தால், வால்யூம் பாதியைத் தாண்டியதும் 12.1 வோல்ட் 10.2க்கு இறங்குகிறது. இன்னும் கொஞ்சம் திருகினால் அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து, இரண்டு நொடி கழித்து மறுபடி எழுகிறது. தவில் தனி ஆவர்த்தனம் ஓடும்போது நல்ல கனமான அடி விழுந்தால் போதும், நீல விளக்கு அணைந்து எரிந்து, "பவர் ஆன், புளூடூத் மோட்" என்று ஒரு பெண் குரல் இடையில் வந்து சொல்கிறது. வித்வானுக்கு இப்படி ஒரு பக்கவாத்தியம் தேவையில்லை.

அணைந்துபோவதுகூடப் பரவாயில்லை. அணைவதற்கு முன் நடப்பதுதான் ட்வீட்டரைத் தின்கிறது. சப்ளை வோல்ட்டேஜ் போதாதபோது ஆம்ப் அலையின் உச்சியை வெட்டிவிடும். வளைந்து இறங்க வேண்டிய அலை மொட்டை மாடி மாதிரித் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட விளிம்புகளில் பாட்டில் இல்லாத மேல்ஸ்தாயிச் சத்தம் புதிதாகப் பிறக்கும். அதோடு, பேஸ் கூரையில் தலை தட்டி நின்ற பிறகும் வால்யூமைத் திருகத் திருக, சின்னதாக இருந்த ட்ரெபிள் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். இரண்டும் போய்ச் சேரும் இடம் ட்வீட்டர்தான். அதன் காயில், அதாவது கம்பிச் சுருள், தலைமுடி மாதிரி மெல்லியது; சில வாட்ஸ் விடாமல் பாய்ந்தாலே வார்னிஷ் கருகிவிடும். கேட்பவர் காதுக்கு இந்த நேரத்தில் சத்தம் கூடியது போலத் தெரியாது, கரகரப்புதான் கூடும். 50 வாட்ஸ் இருக்கிறதே என்று நம்பியவர் இன்னும் கொஞ்சம் கூட்டத்தான் செய்வார். வால்யூமை எங்கே நிறுத்த வேண்டும் என்று உங்கள் மேனுவலில் ஒரு வரி கிடையாது. ஸ்பீக்கரின் முதுகிலோ 80 வாட்ஸ் என்று ஸ்டிக்கர். 50 வாட்ஸ் ஆம்ப், 80 வாட்ஸ் ஸ்பீக்கர் என்று படித்துவிட்டு பயந்து பயந்து திருகுகிறவர் யார்?

பெட்டியில் 15+15 என்று அச்சிட்டிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க வேண்டியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு நேர்மையான 15 வாட்ஸ் ஒன்றும் கேவலமில்லை.

ஸ்பீக்கருக்கு வருகிறேன். ஸ்டிக்கரில் 8 ஓம். ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்தால் இடது 3.4, வலது 3.4. உண்மையான 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6க்கும் 7க்கும் இடையே காட்டும், 3.4 காட்டுவது 4 ஓம். ட்வீட்டர் வரிசையில் கண்டென்சர் இருப்பதால் மீட்டரின் டி.சி. (நேர் மின்னோட்டம்) அதற்குள் போகாது, ஆக நாம் படிப்பது பேஸ் பாடும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரை மட்டும்தான். எரிந்த ட்வீட்டரால் அளவு மாறிவிட்டது என்ற பதில் இங்கே செல்லாது.

ஓம் பொய்த்தால் சத்தத்தின் அளவான டெசிபலும் பொய்த்துவிடும். உங்கள் இணையப் பக்கத்தில் 88 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட். 4 ஓமில் அதுவே 2 வாட்ஸ். எனவே 1 வாட்டுக்கு உங்கள் ஸ்பீக்கர் தருவது 85 டெசிபல்தான். மூன்று தானே என்று தோன்றும். ஆனால் 3 டெசிபல் குறைந்தால் ஆம்ப் இரண்டு மடங்கு வாட்ஸ் தர வேண்டும். கைக்கு அடக்கமான விலையில் செட் தேடுகிறவர் ஸ்பீக்கரின் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஆம்பின் வாட்ஸைப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிலேயே நீங்கள் கை வைத்துவிட்டீர்கள்.

கணக்கு இப்படி. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 85. எட்டடி தள்ளி, அதாவது இரண்டரை மீட்டரில் உட்கார்ந்தால் 8 போய் 77. இரண்டு பெட்டியும் சேர்ந்து பாடினால் 3 கூடி 80. சராசரி 75 டெசிபலில் ஓடும் கச்சேரியில் ஒரு மிருதங்க அடி 95ஐத் தொடலாம். மிச்சம் 15 டெசிபலுக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் 32 வாட்ஸ் வேண்டும். உங்கள் அடாப்டர் காகிதத்தில் தருவதே 18. அறைச் சுவர்கள் கொஞ்சம் உதவும், அதை நான் சேர்க்கவில்லை. அதே ஸ்பீக்கர் சொன்னபடி 88 டெசிபல், 8 ஓமாக இருந்திருந்தால் அந்த அடிக்கு 16 வாட்ஸ் போதும். 24 வோல்ட் சப்ளையில் இதே சிப் அதை அலட்டிக்கொள்ளாமல் தரும். சீரியல், செய்தி கேட்க ஒரு வாட்டே அதிகம். அதனால்தான் இந்தக் குறை முதல் வாரத்தில் யாருக்கும் தெரிவதில்லை, திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிடுகிறது.

வலது பெட்டியைத் திறந்தது நானல்ல, உங்கள் சர்வீஸ் சென்டர் மேசையில் உங்கள் மெக்கானிக்தான் திறந்தார். படம் எடுத்து இணைத்திருக்கிறேன். விளம்பரத்தில் "3 கிலோஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 12 டெசிபல் கிராஸ்ஓவர்". கிராஸ்ஓவர் என்பது பேஸை வூஃபருக்கும் ட்ரெபிளை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்; ஆக்டேவ் என்பது அதிர்வெண் இரண்டு மடங்காகும் இடைவெளி. உள்ளே இருப்பது ட்வீட்டர் காலில் நேராகப் பற்றவைத்த ஒரே ஒரு 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர். காயில் இல்லை, ரெசிஸ்டர் இல்லை, போர்டே இல்லை. 4 ஓம் ட்வீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 4 கிலோஹெர்ட்ஸில் வெட்டும், ஆனால் ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம்தான். நீங்கள் சொன்ன கிராஸ்ஓவர் 1 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபல் குறைக்கும். இந்தக் கண்டென்சர் குறைப்பது 12. குரலின் நடுப்பகுதி முழுக்க ட்வீட்டருக்குள் கசிகிறது. இன்னொரு பக்கம் வூஃபருக்குக் காயில் இல்லாததால் அதுவும் மேலே வரை பாடுகிறது. ஒரே குரலை இரண்டும் சேர்ந்து பாடினால் "ச", "ஷ" எல்லாம் காதைக் கீறத்தான் செய்யும். இதை "கிரிஸ்டல் கிளியர்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பவர் ஒரு முறை கேட்டுப் பார்த்தாரா தெரியவில்லை.

இன்னொன்று, எரிந்ததற்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் தொழிற்சாலைத் தவறு. பேஸ் ஆரம்பத்திலிருந்தே மெலிந்திருந்தது. ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் செல்லை எடுத்து, பிளஸ்ஸைச் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டால் வூஃபரின் கூம்பு வெளியே வர வேண்டும். வலது வருகிறது. இடது உள்ளே போகிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் நடுவில் உட்கார்ந்தவருக்கு பேஸ் காணாமல் போகும். கஸ்டமர் கேரில் "பின்னால் ஒயரை மாற்றிப் போடுங்கள்" என்றார்கள். அது பாதித் தீர்வு. கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே சிவப்பு ஒயர், பிளஸ்ஸைக் குறிக்கும் புள்ளி வைக்காத காலில் பற்றவைக்கப்பட்டிருப்பது வூஃபரில் மட்டும்தான், ட்வீட்டரில் சரியாக இருக்கிறது. பின்னால் மாற்றினால் வூஃபர் சரியாகும், ட்வீட்டர் தலைகீழாகும். உள்ளேதான் மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

ஸ்பீக்கர் ஒயரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. "சுத்தச் செம்பு" என்று போட்ட ஒயரை பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரிகிறது: செம்பு முலாம் போட்ட அலுமினியம். மூன்று மீட்டர் ஒயரின் ஒரு முனையைச் சேர்த்து முறுக்கி மறுமுனையில் அளந்தால் 0.8 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இதைப் போட்டால் ஆறில் ஒரு பங்கு சக்தி ஒயரிலேயே போய்விடும். அடாப்டரில் பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் பதிவு எண்ணும் இல்லை. விற்கும்போது அது இருந்தே ஆக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

650 ரூபாய் கட்டினால் ட்வீட்டர் மட்டும் மாற்றித் தருவதாக சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். அதே அடாப்டரும் அதே கண்டென்சரும் இருக்கும்வரை புதிய ட்வீட்டரும் அதே வழியில்தான் போகும். ஆகவே நான் கேட்பது இவை:

மாற்றித் தருவதாக இருந்தால், பி.ஐ.எஸ். பதிவுள்ள 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரும் அதற்கேற்ற ஆம்ப் போர்டும் வேண்டும். அடாப்டரை மட்டும் அனுப்பிவைத்துவிடாதீர்கள். இப்போதைய போர்டின் சப்ளை கண்டென்சர்கள் 25 வோல்ட் ரகம். 24 வோல்ட் கொடுத்தால் அவை விளிம்பில் நிற்கும், கொஞ்ச நாளில் உப்பிவிடும். 35 வோல்ட் ரகம் போட்ட போர்டாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் இரண்டும் மீட்டரில் 6 ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். வூஃபருக்குக் காயிலும், ட்வீட்டருக்குக் கண்டென்சர், காயில் இரண்டும் உள்ள நிஜமான கிராஸ்ஓவர் உள்ளே இருக்க வேண்டும். ஒயர் 16 கேஜ் செம்பு. அனுப்பும் முன் செல் வைத்துக் கூம்பைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அதையும் செய்துவிடுங்கள். இதெல்லாம் இந்த விலையில் கட்டாது என்றால் 8,990 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள்; பார்சல் செலவு உங்களுடையது. எதுவானாலும் இணையப் பக்கத்திலும் அட்டைப்பெட்டியிலும் 50+50, 8 ஓம், 2000 வாட்ஸ் மூன்றையும் எடுத்துவிட்டு, எத்தனை வோல்ட்டில், எத்தனை ஓமில், எத்தனை சதவீதச் சிதைவில் எத்தனை வாட்ஸ் என்று அச்சிட வேண்டும்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது உங்கள் பொறுப்பு. தவறினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் தவறான விளம்பரம், குறையுள்ள பொருள், நேர்மையற்ற வணிக முறை ஆகியவற்றுக்காக மதுரை மாவட்ட ஆணையத்தில் மனு போடுவேன். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே மனு போடச் சட்டம் இடம் தருவதால் உங்கள் தலைமையகம் எங்கே இருந்தாலும் எனக்கு அலைச்சல் இல்லை.

பில், ஜாப் ஷீட், மீட்டர் அளவுகளின் படங்கள், தவிலுக்கு நடுவே பெண் குரல் பேசும் 40 நொடி வீடியோ எல்லாம் இணைப்பில் உள்ளன. எரிந்த ட்வீட்டரை சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்ப வாங்கிவந்து தனியே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். காயில் கருகியது வெறுங்கண்ணுக்கே தெரியும். எடுக்க வருபவரிடம் அதை எழுதி வாங்கிக்கொண்டுதான் தருவேன்.

இப்படிக்கு,
பில்லில் உள்ள வாடிக்கையாளர்