கேட்டது ஓர் ஆலோசனைக் குழு மட்டுமே

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 அக்டோபர் 14 அன்று நடந்த அரசியல் சாசனத் திருத்தப் பொதுவாக்கெடுப்பில் ஆஸ்திரேலிய வாக்காளர்களில் சுமார் 60 சதவீதத்தினர் பூர்வகுடிகளின் ‘குரல்’ (Voice) என்ற ஆலோசனை அமைப்பை நிராகரித்தார்கள். ஆறு மாநிலங்களிலும் பெரும்பான்மையினர் ‘வேண்டாம்’ என்றே வாக்களித்தார்கள். ‘மக்கள் தீர்ப்பு வந்துவிட்டது, இனி இந்தப் பேச்சே வேண்டாம்’ என்போரைக் கண்டால் நெஞ்சு கொதிக்கிறது. பூர்வகுடிகள் கேட்டது தனிநாடா? நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு குழுவைத்தானே! சட்டம் இயற்றும் அதிகாரம் கடைசிவரை நாடாளுமன்றத்திடமே இருந்திருக்கும். ‘தெரியாவிட்டால் வேண்டாம் என்று வாக்களியுங்கள்’ என்ற பிரசாரம் அதைக்கூட மறைத்துவிட்டது. வட ஆஸ்திரேலியாவின் திவி தீவுகளில் பூர்வகுடிகள் பெருவாரியாக ‘ஆம்’ என்றே வாக்களித்தார்கள். தோல்விக்குப் பின் பூர்வகுடித் தலைவர்கள் ஒரு வாரம் மௌனம் காத்தார்கள்.

தெற்கு ஆஸ்திரேலியா தன் அளவில் சட்டம் இயற்றி இத்தகைய அமைப்பை உருவாக்கியிருக்கிறது. மற்ற மாநிலங்கள் ஏன் தயங்க வேண்டும்?

– ஒரு வாசகர், சிட்னி