செயலாளரின் ஆண்டறிக்கை: உப்பளம் கல்லறைப் பணி

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. ஓய்வூதியப் படிவங்களை நிரப்பித் தரும் வேலையும் வழக்கம்போல் தொடர்ந்தது. இந்த ஆண்டில் என் மனம் நின்ற வேலை, மறைந்த நம் மூத்த உறுப்பினர் ஐயாவின் கல்லறைக் கல்லை மாற்றியதுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்ற உப்பளம் போயிருந்தோம். பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்த வம்பாகீரப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் கல்லைப் படித்துவிட்டு, "இவரு போலீசுல இருந்தாருங்களா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. பெயருக்குக் கீழே 'டி.ஐ.ஜி. (ஓய்வு)' என்று மட்டும்தான் இருந்தது. நம் ஊரில் டி.ஐ.ஜி. என்றால் போலீஸ்தானே! ஐயாவின் துணைவியார் அருகில்தான் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு, "அந்தக் கல்லை மாத்த முடியுமாப்பா?" என்றார்.

ஐயா இருந்தது இந்தியக் கடலோரக் காவல் படையில். அந்தப் பெயரோடு புதுக் கல் வெட்டக் கொடுத்தோம். 'இந்தியக் கடற்படை' என்று வெட்டி வந்தது. "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்றார் கல் வெட்டியவர். ஒன்றல்ல என்று விளக்கித் திருப்பி அனுப்பினோம்.

ஐயா முதலில் கடற்படையில் இருந்தவர்தான். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர், நம் பொருளாதார மண்டலம் என்று 1976-இல் சட்டம் வந்தது. கடத்தல், எண்ணெய்க் கசிவு, காணாமல்போன படகு என்று அந்தக் கடலின் அன்றாடத்தைப் பார்க்கத் தனிப் படை தேவைப்பட்டது. 1977 பிப்ரவரி 1-இல் இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கி, 1978 ஆகஸ்டில் சட்டப்படி கடலோரக் காவல் படை ஆனது. கடற்படை கொடுத்த குதார், கிர்பான் என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும்தான் முதல் சொத்து. அந்த நாளில் இளம் அதிகாரியாக மாறி வந்த ஐயா, கமாண்டன்ட் ஆகி, டி.ஐ.ஜி.யாக ஓய்வு பெற்றார். கடற்படையின் கமடோருக்கு இணையான பதவி அது.

1999-இல் கொள்ளையர் கைப்பற்றிய அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியக் கப்பலை நம் படைகள் மடக்கியதைப் பற்றி நாம் கேட்டால், அதை இரண்டே வரியில் முடித்துவிடுவார். மிதவையில் விடப்பட்ட அதன் மாலுமிகள் 17 பேரைத் தாய்லாந்து மீனவர்கள் காப்பாற்றியதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். ஓய்வுக்குப் பின் குப்பத்துப் பிள்ளைகளிடம் உயிர்காப்பு உடை போடச் சொல்லிக் கெஞ்சியவர் அவர். கடலில் ஆபத்தென்றால் அழைக்கும் 1554 என்ற எண்ணைத் தன் வீட்டு வெளிச்சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தார். இன்றும் இருக்கிறது.

பிப்ரவரி 1, படை தொடங்கிய நாளிலேயே சரியான கல்லைப் பதித்தோம். 'இந்தியக் கடலோரக் காவல் படை' என்ற வரியும், அதன் கீழே படையின் வாசகமான 'வயம் ரக்ஷாமஹ'வும், 'நாங்கள் காக்கிறோம்' என்ற தமிழும் இருக்கின்றன. துணைவியார் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். அந்தப் பெரியவரும் வந்திருந்தார். எங்கள் அழைப்பு இல்லாமலே.

கல்லறையைச் சுற்றியுள்ள சிமென்ட் விளிம்பு உப்புக் காற்றில் பொரிந்துவிட்டது. அக்டோபர் கடைசி ஞாயிறு காலை 7 மணிக்கு வாசலில் கூடி அதைப் பூசி வெள்ளை அடிக்கிறோம். பிரஷ் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

செயலாளர்
புதுச்சேரி