செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: பொது எடிட்டிங் கணினியும் 28 த்ரெட் ஆசையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மதுரை நகரிலிருந்தும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பகுதிகளிலிருந்தும் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது புகைப்பட, வீடியோ கலைஞர்கள் சங்கத்தில் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நடந்தவற்றைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

இவ்வாண்டு மூத்த உறுப்பினர்கள் இருவரை இழந்தோம். ஒருவர் தல்லாகுளத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வதை நம்மில் பலருக்குக் கற்றுத் தந்தவர். மற்றவர் வி.எச்.எஸ். கேமராவைத் தோளில் சுமந்து, எதிர்சேவையிலிருந்து அழகர் ஆற்றில் இறங்குவது வரை இரவெல்லாம் நடந்து பதிவு செய்தவர். இருவருக்கும் கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆடியில் எல்லோருக்கும் கை ஓய்வாக இருந்ததால் இரண்டு முறை கூடியது. ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாள், ஆவணி பிறந்த கையோடு வந்துவிட்டது. பாதிப் பேர் நிச்சயதார்த்தங்களில் இருந்தார்கள், மீதிப் பேர் கேக் வெட்டினோம். சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார். அவர் பேசும்போது யாரும் தேநீர் குடிக்கப் போக வேண்டாம்.

இனி, இவ்வாண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். சென்ற பேரவையில் 60,000 ரூபாய்க்குள் பொது எடிட்டிங் கணினி ஒன்று வாங்கத் தீர்மானித்தோம். சொந்தமாக நல்ல கணினி வாங்க வசதியில்லாத இளம் உறுப்பினர்கள், கரிஷ்மா ஆல்பம் வடிவமைக்கவும் வீடியோ மிக்சிங் செய்யவும் சங்கத்தின் மாடி அறைக்கு வந்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது நோக்கம். கணினியின் மூளையான பிராசசர் எதைப் போடுவது என்பதில்தான் செயற்குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இன்டெல் கோர் ஐ5-12400. மறுபக்கம், பெரிய நிறுவனங்களின் சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் பழைய ஜியான் இ5-2680 வி4.

ஜியானுக்காகக் குரல் உயர்த்தியவன் நானே என்பதை மறைக்க விரும்பவில்லை. கூட்டக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

என் வாதம் எளிமையானது. கோர் என்பது பிராசசருக்குள் வேலை செய்யும் ஆள் மாதிரி, த்ரெட் என்பது அந்த ஆள் ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலை. ஜியானில் 14 கோர்கள், 28 த்ரெட்கள். ஐ5-இல் 6 கோர்கள், 12 த்ரெட்கள். ஜியானின் கேச் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 35 எம்.பி., ஐ5-இன் கேச் 18 எம்.பி. ஜியான் நான்கு சேனல்களில் மெமரியைப் படிக்கும், டி.டி.ஆர்.4-2400 போட்டால் நொடிக்கு 76.8 ஜி.பி. ஐ5-க்கு இரண்டே சேனல், டி.டி.ஆர்.4-3200 போட்டாலும் 51.2 ஜி.பி.தான். அட்டைகள் செருக ஜியான் 40 பி.சி.ஐ. பாதைகள் தருகிறது, ஐ5 தருவது 20. போதாததற்கு, சர்வர்களிலிருந்து கழிக்கப்பட்ட ரெஜிஸ்டர்டு மெமரி (சர்வருக்கென்றே செய்த வகை), புது டெஸ்க்டாப் மெமரியைவிட அப்போது மலிவு. அந்த மெமரி சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டு பலகையில் வேலை செய்யாது என்பதால்தான் அந்த மலிவு. எண்களைப் பார்த்தால் லாரிக்கும் ஆட்டோவுக்கும் உள்ள வித்தியாசம் போலத் தோன்றியது. மேலமாசி வீதியில் லாரியை ஓட்டிப் பார்த்தவர்கள் என்னைப் போல் பேசியிருக்க மாட்டார்கள்.

செல்லூர் உறுப்பினர் மட்டும் விடவில்லை. "அண்ணே, எண்ணிக்கை சரி. ஆனால் நம் வேலையில் எத்தனை கோர் விழித்திருக்கும்?" என்றார். ஜியான் 2016இல் வந்தது, அதிகபட்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஐ5-12400 வந்தது 2022 ஜனவரியில், வேகம் 4.4 வரை போகும். அதோடு, ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் புதிய கோர் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை முடிக்கும். ஃபோட்டோஷாப்பில் லேயர்களை நகர்த்துவது, பிரஷ் தீட்டுவது போன்றவை பெரும்பாலும் ஓரிரு கோர்களை நம்பியே நடக்கின்றன. மற்றவை சும்மா உட்கார்ந்திருக்கும் என்பது அவர் கட்சி.

வாய்ச்சண்டை போதும், வைத்துப் பார்த்துவிடலாம் என்று தலைவர் சொன்னார். சோழவந்தான் உறுப்பினரிடம் அதே ஜியான் போட்ட கணினி இருந்தது. எல்.இ.டி. திரைக்கான அனிமேஷன் செய்ய அவர் வாங்கியது. அதை வேனில் ஏற்றிக் கொண்டு வந்தார். ஐ5 கணினியைச் செல்லூர்க்காரர் தம் வீட்டிலிருந்து டூவீலரில் கொண்டு வந்தார். ஆடி மாதத்தின் ஒரு ஞாயிறு முழுக்க மாடி அறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டோம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது திருப்பரங்குன்றத்தில் நடந்த ஒரு கல்யாணம். சோனி ஏ7 IV கேமராவில் 4கே, எச்.265, 10 பிட், 4:2:2 முறையில் எடுத்தது. நம்மில் பாதிப் பேர் இப்போது இப்படித்தான் எடுக்கிறோம். நிறத் தகவல் கூடுதலாக இருப்பதால் பட்டுப்புடவையின் அரக்கும் மஞ்சளும் பின்னால் திருத்தும்போது கலங்குவதில்லை. ஆனால் இந்தக் கோப்பு இறுகக் கட்டிய மூட்டை மாதிரி. ஒவ்வொரு ஃபிரேமையும் முன்பின் ஃபிரேம்களைப் பார்த்துத்தான் அவிழ்க்க முடியும்.

ஜியானில் தாலி கட்டும் காட்சியை ஓடவிட்டோம். கெட்டிமேளம் முழங்கி முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் கை இன்னும் மணமகளின் கழுத்துக்கு வந்து சேரவில்லை. படம் தத்தித் தத்தி நின்றது. த்ரெட்களின் உழைப்பைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் 28 கட்டங்களில் சிலவற்றில் மட்டும் ஏற்ற இறக்கம், மற்றவை மூச்சுவிடவில்லை. ஐ5-இல் அதே காட்சி தண்ணீர் போல் ஓடியது. அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

காரணத்தைச் செல்லூர்க்காரர் விளக்கினார். ஐ5-12400க்குள்ளேயே யு.எச்.டி. 730 என்ற கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. அதில், வீடியோ மூட்டையை அவிழ்ப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்றை இன்டெல் வைத்திருக்கிறது. பெயர் குயிக் சிங்க். எச்.265 10 பிட் 4:2:2 கோப்பையும் அது நேரடியாக அவிழ்க்கும். கோர்கள் அதற்காக உழைக்க வேண்டியதே இல்லை. இ5 வரிசை ஜியான்களில் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. தனி கிராபிக்ஸ் அட்டை போட்டால்தான் திரையிலேயே படம் வரும். அந்த அட்டையே மூட்டையையும் அவிழ்த்துவிடாதா என்று நான் கடைசி அம்பை எய்தேன். 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா அட்டைகள் எச்.265 4:2:2 கோப்பைத் தொடுவதில்லை என்று பதில் வந்தது. 50 வரிசை அட்டை வாங்கினால் நம் 60,000இல் மிச்சம் என்ன இருக்கும் என்று பொருளாளர் கேட்டார். அம்பறாத்தூணி காலி.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று மாலை சோழவந்தான் உறுப்பினர் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் தம் பெயர்ப்பலகை அனிமேஷனை ரெண்டர் போட்டு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கிட்டுப் படமாக்கிக் காட்டினார். அப்போது 28 கட்டங்களும் உச்சியில் நின்றன. அந்த இயந்திரம் பிறந்ததே அதற்காகத்தான் என்று தெரிந்தது. இரவு போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எடுத்துக்கொள்ளும் வேலை அவருடையது. நம்முடையதோ, பக்கத்தில் மணப்பெண்ணின் சித்தி உட்கார்ந்து "அந்த இடத்தைத் திரும்பப் போடு தம்பி" என்று சொல்லச் சொல்லச் செய்யும் வேலை. அவர் ஜியானை விற்கப்போவதில்லை. விற்கச் சொல்லி நாமும் சொல்லக்கூடாது. பிராக்சி கோப்பு, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் எடை குறைந்த நகல், உருவாக்கி வைத்துக்கொண்டால் ஜியானிலும் மிக்சிங் ஓடும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று பேர் மாறி மாறி வரும் பொதுக் கணினியில், ஒவ்வொருவரும் பிராக்சிக்காகக் காத்திருந்தால் மூன்றாமவர் நள்ளிரவில்தான் உட்கார வேண்டும்.

இன்னும் சில காரணங்களும் சேர்ந்துகொண்டன. ஜியானுக்காக விலை கேட்டபோது ஒரு கடைக்காரர் "புத்தம் புதிய எக்ஸ்99 போர்டு" என்றார். பலகை புதிது என்பது மெய்தான். ஆனால் இப்படி வருகிற பலகைகள் பலவற்றில் எக்ஸ்99 என்பது மேலே அச்சிட்ட பெயர் மட்டுமே. உள்ளே இருக்கும் சிப்செட் (பலகையின் பாகங்களை இணைக்கும் சிப்) வேறு, அதுவும் பழைய கணினியிலிருந்து எடுத்தது. பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்டேன். பேச்சு ஜிகர்தண்டாவுக்கு மாறியது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடியவிருந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலில் இந்த ஜியான் இல்லை. குறுக்கு வழியில் நிறுவலாம் என்கிறார்கள். சங்கச் சொத்தில் குறுக்கு வழி வேண்டாம் என்று தலைவர் முடித்துவிட்டார்.

மின்சாரமும் இருக்கிறது. ஜியானின் வெப்பக் கணக்கு 120 வாட், ஐ5-இன் அடிப்படைக் கணக்கு 65. கிராபிக்ஸ் அட்டையையும் சேர்த்து இரண்டு கணினிகளுக்கும் 100 வாட் வித்தியாசம் என்று வைத்தால், பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். வீட்டு இணைப்பு போல 100 யூனிட் இலவசமும் நமக்குக் கிடையாது. அறையின் இணைப்பு வணிக இணைப்பு. ஆடிக்காற்று வீசும்போதே அந்த அறையில் வியர்த்தது. கத்திரியில் எப்படி இருக்கும் என்று ஓட்டுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆக, ஆவணியில் ஐ5 வாங்கினோம். அதிலும் ஒரு கண்டத்தைத் தாண்டினோம். கடையில் எழுதித் தந்த விலைப்பட்டியலில் 12400க்குப் பின்னால் "எஃப்" என்று ஒரு சிறிய எழுத்து இருந்தது. விலை சற்றுக் குறைவு. மகிழ்ச்சியோடு முன்பணம் எண்ணிக்கொண்டிருந்த என் கையைச் செல்லூர்க்காரர் பிடித்தார். எஃப் என்றால் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் முடக்கப்பட்டது. குயிக் சிங்க்கும் அதோடு போய்விடும். எதற்காக ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டோமோ, அதை அந்த ஓர் எழுத்து விழுங்கியிருக்கும். மெமரியையும் 32 ஜி.பி. ஒரே குச்சியாகத் தரப் பார்த்தார்கள். 16 ஆக இரண்டு கேட்டு வாங்கினோம். ஒரே குச்சி போட்டால் இரண்டு சேனலில் ஒன்று சும்மா கிடக்கும்.

13, 14ஆம் தலைமுறை வாங்கியிருக்கலாமே என்று மேலூர் உறுப்பினர் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். அந்தத் தலைமுறைகளின் சில பிராசசர்களில் 2024இல் நிலைகுலைவுப் பிரச்சினை வெளிப்பட்டு, இன்டெல் மைக்ரோகோடு (பிராசசரின் உள்நிரல்) திருத்தம் வெளியிட்டதை நாம் அறிவோம். 12ஆம் தலைமுறைக்கு அது இல்லை. பின்னாளில் வேண்டுமானால், பலகையின் தொடக்க நிரலான பயாஸைப் புதுப்பித்துவிட்டு இதே பலகையில் அந்தச் சிப்களைப் பொருத்தவும் முடியும்.

கணினி நன்றாக ஓடுகிறது. பயன்படுத்துபவர்கள்தான் சரியில்லை. அவரவர் எஸ்.எஸ்.டி.யைக் கொண்டுவர வேண்டும் என்ற விதி சுவரில் ஒட்டியிருந்தும், தை மாதத்தில் யாரோ ஒரு காதணி விழாவை முழுதாக டெஸ்க்டாப்பில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். குழந்தைக்கு வாழ்த்துகள். கோப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது; உரியவர் எடுத்துச் செல்லவும்.

கடைசியாக, இன்றைய தீர்மானம். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து வாடிக்கையாளர்கள் திரும்பி வருகிறார்கள். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா இப்போது இல்லை, அந்த வீடியோ இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நம் ஹார்ட் டிஸ்க் செத்துப்போய் நாள் ஆகியிருக்கிறது. உறுப்பினர்கள் விரும்பினால் பழைய பதிவுகளை வைத்துக்கொள்ள ஒரு பொதுச் சேமிப்பகம் தேவை. அதற்குப் பழைய ஜியான் பொருந்தும்: மெமரியில் நேரும் பிழையைத் தானே திருத்தும் இ.சி.சி. வசதி, வட்டுகளுக்கான அட்டைகளைச் செருகப் போதுமான பாதைகள், லினக்ஸ் போட்டால் விண்டோஸ் பட்டியல் பற்றிய கவலையும் இல்லை. நாள் முழுக்க ஓடவிடாமல், வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் இயக்கினால் மின்கட்டணமும் அடங்கும். பயன்பட்ட ஜியான் கணினி ஒன்றைத் தர சோழவந்தான் உறுப்பினரின் நண்பர் முன்வந்திருக்கிறார். செயற்குழுவில் இதற்கு ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. முன்மொழிவதும் நானே என்பதால் சிலர் இப்போதே சிரிக்கிறார்கள்.

வாக்கெடுப்பு மதிய உணவுக்கு முன்பே நடக்கும். பின்னால் வைத்தால் ஆள் இருக்காது.

இங்ஙனம்,
செயலாளர்