டியூஷன் எடுப்பவர்களுக்கும் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை, ஹைடெக் லேப் என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது, படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதே பிள்ளைகளில் பலர் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்னைப் போல மொட்டை மாடியிலோ வீட்டு முன்அறையிலோ டியூஷன் எடுக்கும் ஒருவரிடம்தான் வந்து உட்காருகிறார்கள். இந்தக் கருவிகளை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். தொழில்நுட்பத்தோடு பாடம் நடத்தக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று இந்த ஆண்டு சில குறிக்கோள்கள் வைத்திருக்கிறேன். புதுப்புது செயலிகளைத் தேடி ஓடுவது அதில் இல்லை. 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலேயே கியூஆர் கோடு இருந்தது, அடுத்த ஆண்டு கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2023-ல் மணற்கேணி செயலியும் வந்துவிட்டது, வீடியோவுக்கு இங்கே பஞ்சமே இல்லை. வீடியோவை எந்த இடத்தில் நிறுத்துவது, நிறுத்தி என்ன கேட்பது, எந்தப் பாடத்துக்கு அது தேவையே இல்லை, இதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடர் இணைப்புக்கும் பக்க இணைப்புக்கும் சூத்திரம் கேட்டால் மடமடவென்று எழுதிவிடுவார்கள். பக்க இணைப்பில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் முதல் பல்பின் வெளிச்சம் குறையுமா என்று கேட்டால், குறையும் என்று கை தூக்குகிறவர்கள் நிறைய. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ‘ஃபெட்’ செயல்விளக்கங்களில், திரையிலேயே கம்பி, பேட்டரி, பல்பு எல்லாம் இழுத்து வைத்து மின்சுற்று கட்டிப் பார்க்கலாம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஆனால் அதை நான் சும்மா போட்டுக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முதலில் ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் பல்பைச் சேர்க்க வேண்டும். எழுதியது ஒன்று, திரையில் தெரிவது வேறொன்று என்றால்தான் ‘ஏன் மிஸ்?’ என்ற கேள்வி வரும், வீட்டில் ஃபேன் போட்டால் லைட் மங்குவதில்லையே என்று யாராவது ஒரு பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நல்ல கேள்வியாவது தயார்செய்ய வேண்டும் என்பதுதான் என் குறிக்கோள்களில் பெரியது, நேரம் பிடிப்பதும் அதுதான்.

இன்னொன்று, யாருக்குப் புரியவில்லை என்பது தேர்வுத்தாள் வந்த பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை, அன்றைக்கே தெரிய வேண்டும். ‘பிளிக்கர்ஸ்’ என்று ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகள் கையில் அச்சடித்த அட்டை மட்டும், விடைக்கு ஏற்றபடி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் ஆசிரியரின் ஒரே போன் எல்லா விடைகளையும் படித்துவிடும். எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், பிள்ளையிடம் போன் தேவையில்லை என்பது. என்னிடம் வரும் பலர் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரிதான் திரும்பும். அதனால் போன் இருந்தால்தான் செய்ய முடியும் என்கிற வீட்டுப்பாடத்தைக் கொடுப்பதே இல்லை என்று உறுதியாக இருக்கிறேன். 2020-ல் பள்ளிகள் மூடியபோது போன் இல்லாத பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கிப் போனார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம்.

அந்த இழப்பைச் சரிசெய்யத்தான் 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. பள்ளிக்கு வெளியே, சாயங்காலத்தில், ஆசிரியர் வேலையில் இல்லாத தன்னார்வலர்களாலும் சொல்லித்தர முடியும் என்று அரசே அதில் ஒப்புக்கொண்டது. அப்படியானால் எங்களுக்கும் பயிற்சியைத் திறந்துவிடலாமே. ஹைடெக் லேப்கள் விடுமுறை நாட்களில் பூட்டித்தானே கிடக்கின்றன? மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே வகுப்பு வைக்கட்டும். பட்டனை எப்படி அழுத்துவது என்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம், அனுபவமுள்ள அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு பாடத்தை எங்கள் முன்னால் நடத்திக் காட்டி, பிறகு எங்களையும் நடத்தச் சொல்லித் திருத்தினால் போதும். கட்டணம் வைத்தாலும் சரி, நான் வரத் தயார். என் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் டியூஷன் எடுக்கிறார்கள், அவர்களையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
திண்டிவனம்