கேவன் ஊர் ஸ்மித்துகள்

கேவன், அயர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கும் அனைவரும் நலம்தானே? தெருவில் பாதி வீட்டுக்கு ஸ்மித் என்றே பெயர் என்று எழுதியதற்கு, "எல்லாரும் இங்கிலாந்துக்காரர்களா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை அப்பா. இந்த மாவட்டத்து ஸ்மித்துகளில் பெரும்பாலோர் அசல் ஐரிஷ் குடிகள். பழைய பெயர் மாக் கவன். 'மாக்' என்றால் மகன். 'கௌ' என்றால் கொல்லன், வேற்றுமை ஏறினால் 'கவன்'. ஆக, கொல்லன் மகன். பெண் பிள்ளைக்கு 'மாக்' வராது, 'நிக் கவன்' என்று எழுதுவார்கள்.

'ஓ' என்று தொடங்கும் பெயர்களைப் பார்த்து நம் ஊர் இன்ஷியல் என்று நினைத்துவிடாதீர்கள். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். ஐரிஷில் அதன் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். பக்கத்தில் தொங்கும் குறி ஆங்கிலத்தில் எழுதும்போது ஒட்டிக்கொண்டது. 'மாக்' என்று முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்து, 'மெக்' என்று சுருக்கினால் அயர்லாந்து என்று சொல்வதும் வெறும் கதைதான். இரண்டும் ஒரே சொல்.

கொல்லன் மகன் ஸ்மித் ஆன கதைக்கு எல்லாரும் 1465-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டுவார்கள். ஐரிஷ்காரர்கள் ஒரு ஊர், நிறம், தொழில் அல்லது பதவியின் பெயரை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது அது. ஆனால் அது டப்ளின், மீத், லௌத், கில்டேர் பகுதிகளுக்கு மட்டும். கேவன் அப்போது ரைலி குலத்தார் கையில் இருந்தது. இங்கே மாற்றம் 17-ஆம் நூற்றாண்டிலிருந்துதான். நிலம், நீதிமன்றம், பதிவேடு எல்லாம் ஆங்கிலமானதும் பெயரும் மாறியது. கேவனில் பொருளைப் பெயர்த்து ஸ்மித் என்றார்கள். பக்கத்து லெய்ட்ரிமிலும் டோனிகாலிலும் ஓசையைப் பிடித்து மெக்கௌவன் என்றார்கள். பழைய பதிவேடுகளில் முன்னோரைத் தேடும்போது ஸ்மித், ஸ்மைத், மெக்கௌவன், கௌவன் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் கூத்தும் உண்டு. மாக் கொன்ரீ என்ற பெயரின் கடைசி அசை 'ரீ' (அரசன்) போல ஒலித்ததால் அந்தக் குடும்பத்தார் கிங் ஆகிவிட்டார்கள். அரசனுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை! அதே சமயம் எல்லா ஸ்மித்தும் கொல்லன் மகன் இல்லை. 1610 வாக்கில் அல்ஸ்டரில் (கேவனும் சேர்ந்த வடக்கு மாகாணம்) குடியேற்றப்பட்டவர்களோடு ஆங்கில, ஸ்காட்டிஷ் ஸ்மித்துகளும் வந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் உள்ள மதத்தை வைத்து, கத்தோலிக்கர் என்றால் ஐரிஷ், புராட்டஸ்டண்ட் என்றால் குடியேறியவர் என்று ஊகிக்கலாம். அது ஒரு குறிப்புதான், சாட்சி ஆகாது.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் ஆகாது. டவுன்லாண்ட் தெரிய வேண்டும். வி.ஏ.ஓ. கணக்கில் உட்கடைக் கிராமம் என்பார்களே, கிட்டத்தட்ட அது. நாடு முழுக்க 60,000-க்கு மேல் இருக்கின்றன. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவாரியாகத் தேடலாம், இணையத்தில் இலவசம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் மாவட்டப் பெயர்தான் இருக்கும், அதனால் படிவம் எந்த டவுன்லாண்டில் எழுதப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1901-க்கும் 1911-க்கும் இடையே சிலருக்குப் பதினைந்து வயது ஏறியிருக்கும். 1909-இல் 70 வயதானோருக்கு ஓய்வூதியம் வந்ததன் விளைவு!

1864-இலிருந்து எல்லாருடைய பிறப்பையும் பதிய வேண்டும் என்று சட்டம். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உள்ள கட்டம்தான் பொன். ஒரே பெயர்க்காரர்களைப் பிரிப்பது அதுதான். ஆனால் கேவனில் அந்தக் கட்டத்திலும் பாதி நேரம் ரைலி என்றே இருக்கும், தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பதிவுத் தேதியையும் அப்படியே நம்பக் கூடாது. தாமதத்துக்கு அபராதம் என்பதால் பிறந்த நாளைத் தள்ளிச் சொல்வார்கள். ஞானஸ்நானம் முந்தியும் பிறப்பு பிந்தியும் இருந்தால் கோயில் ஏட்டையே நம்பலாம். 1880 வரையான கத்தோலிக்க ஏடுகள் தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசம். பெயர்கள் லத்தீனில் இருக்கும், யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ்.

அதற்கு முன்னால் போவது கஷ்டம். 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் ஆவணக் காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பல். கேவனுக்கு அதிர்ஷ்டம், 1821-இன் சில பகுதிகள் தப்பின.

மீதிக்கு 1847-க்கும் 1864-க்கும் இடையே எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டைத்தான் புரட்ட வேண்டும். நம் அடங்கல் மாதிரி: குத்தகைதாரர், நிலக்கிழார், பரப்பு, மதிப்பு. ஒரே டவுன்லாண்டில் பாட்ரிக் ஸ்மித் இரண்டு மூன்று பேர் இருந்தால் எழுத்தர் என்ன செய்தார் தெரியுமா? பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அப்பன் பெயரைப் போட்டார்: "ஸ்மித், பாட்ரிக் (ஜேம்ஸ்)". நீங்கள் எனக்கு வைத்த இன்ஷியல்தான் அது, இடம் மட்டும் மாறியிருக்கிறது.

இங்கே நாலு நாளாக மழை விட்டபாடில்லை. அம்மா முழங்காலுக்கு மருந்து போடுகிறாளா என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்