பஸ்லிங்னா வெறும் கூட்டம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற இங்கிலீஷ் பகுதிய எங்க வீட்ல விடாம படிப்போம். போன வாரம் 'பஸ்லிங்' (bustling) வார்த்தைய எடுத்திருந்தீங்க, சந்தோஷம், ஆனா 'பரபரப்பான, கூட்டம் நிறைந்த'ன்னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த வார்த்தைக்கு தாவிட்டீங்களே.

மொதல்ல இந்த பரபரப்ப எடுத்துக்கோங்க. தப்புன்னு சொல்ல வரல, ஆனா உங்க பேப்பர்லயே இந்த வார்த்தை எப்ப வருது, எங்கயாச்சும் வெட்டுக்குத்து நடந்தாதானே 'இதனால் அப்பகுதியில் பரபரப்பு நிலவியது'ன்னு போடறீங்க, அதப் படிச்சு வளர்ற புள்ளைங்க பஸ்லிங் ஸ்ட்ரீட்னா போலீஸ் வேன் நிக்கற தெருன்னுல்ல நெனச்சுக்கும்?

அடுத்தது கூட்டம். ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி லேட்டு, பிளாட்பாரம் பூரா ஜனம், மூட்டை மேல உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்காங்க. இது கிரவுடட், அவ்வளவுதான். வண்டி உள்ள நுழைஞ்சதும் பாருங்க, அத்தன பேரும் சட்டுனு எந்திரிச்சு ஒருத்தர் பெட்டிய தூக்கிட்டு கோச் நம்பர் தேடி ஓட, எறங்கறவங்க ஒரு பக்கம் தள்ள, நடுவுல போர்ட்டர் 'வழி வழி'ன்னு பூந்து போக, எங்கப் பாத்தாலும் ஆளும் சத்தமுமா ஒரு உயிரோட்டம் வருதே, அதுதான் பஸ்லிங். ஆளுங்க என்னவோ அதே ஆளுங்கதான். பஸில் (bustle)ங்கற வினைச்சொல்லே சுறுசுறுப்பா அங்கயும் இங்கயும் ஓடியாடறதுதான், அதனால க்யூவுக்கும் டிராஃபிக் ஜாமுக்கும் இது பொருந்தாது. இன்னொன்னு, கிரவுடட்னு சொன்னா அதுல கொஞ்சம் சலிப்பு இருக்கும், பஸ்லிங்னு சொன்னா பெரும்பாலும் ரசிச்சு சொல்றாங்கன்னு அர்த்தம்.

தமிழ்ல என்னன்னு கேட்டா 'ஜேஜேன்னு இருக்கு' கிட்டத்தட்ட வந்துடும். கலகலப்புன்னு போட்டா சரியா வராது, நாலு பேரு உக்காந்து சிரிச்சாலே கலகலப்புதான்.

உச்சரிப்பு பத்தி ஒரு வார்த்தை கூட சொல்லலியே? நெறைய பேரு 'பஸ்ட்லிங்'னு 'ட்' போட்டு அழுத்தி சொல்றாங்க. ஸ்பெல்லிங்ல இருக்கே தவிர வாயில வரக்கூடாது. விசிலுக்கும் ஸ்பெல்லிங்ல அந்த எழுத்து இருக்கு, நாம என்ன விஸ்டில்னா அடிக்கறோம்? (பஸில்னு நெட்ல தேடி பாவாடை படமா வந்தா பயந்துடாதீங்க, 1870, 80கள்ல மேல்நாட்டு பொம்பளைங்க பாவாடை பின்பக்கம் புடைப்பா நிக்க உள்ள வெச்சுக்கிட்ட சட்டத்துக்கும் அதே பேருதான்.)

இன்னொரு கொடுமை, புள்ளைங்க கட்டுரையில எந்த ஊரப் பத்தி எழுதினாலும் மொத வரியே பஸ்லிங் சிட்டின்னு ஆரம்பிக்குது, மார்க் விழும்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க போல. கடைவீதிக்கோ துறைமுகத்துக்கோ போடலாம், நல்லாருக்கும். மத்தியானம் தூங்கி வழியற ஊருக்கும் அதயே போட்டா எப்படி?

அதனால அடுத்த வாரம் பிஸி, லைவ்லி, கிரவுடட், பஸ்லிங் நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஆளுக்கு ரெண்டு வாக்கியமாவது போடுங்க. எடம் பத்தலன்னா ராசிபலன்ல கொஞ்சம் கொறச்சுக்கோங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்